இரண்டு பிள்ளைகள், ஒரு துடுப்பு: தூரத்தை அளந்து வேகத்தைத் தவறவிட்ட கதை

பனை வரிசைக்கு அப்பால் பந்து போய் விழுந்தபோது மைதானத்தில் நின்ற எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அடித்தவன் ஐந்தடி பத்தங்குல உயரம். அகன்ற தோள், மீசை அரும்பிவிட்ட முகம். பெரும்போக அறுவடையில் தகப்பனோடு நின்று நெல்மூட்டை தூக்கிப் பழகிய உடம்பு. அவனுக்கு அடுத்து வந்தவன் அதே வகுப்பில் படிப்பவன்தான். ஆனால் முன்னவனின் தோள்மட்டத்துக்குத்தான் நின்றான். பத்துப் பந்துகளில் அவன் அடித்த மிகத் தூரமான அடி, பனைகளுக்கு இருபது மீற்றர் முன்னாலேயே செம்மண் புழுதியில் உருண்டு நின்றது. என் கொப்பியில் முதலாமவனின் பெயருக்கு நேரே சரியடையாளம் போட்டேன். இரண்டாமவனின் பெயருக்கு நேரே 'பலம் போதாது' என்று எழுதினேன்.

இது 2024 ஜூலை மாதத்தில், மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்குப் போகும் ஏ34 வீதியை அண்டிய ஒரு மைதானத்தில், நான் வைத்த பேஸ்போல் தேர்வில் நடந்தது. நான் எழுதிய அந்த இரண்டு சொற்களும் பிழை என்று எனக்கே தெரியவர ஆறு வாரம் சென்றது. அந்தப் பிழை எப்படி நேர்ந்தது, எதை அளந்திருந்தால் நேர்ந்திராது என்பதை விரிவாக எழுத விரும்புகிறேன். வன்னியில் ஒரு பிள்ளை வெளியாள் ஒருவரின் கண்ணில் படும் நாள் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோதான் வரும். அந்த நாளில் நாங்கள் கையில் பிடித்திருக்கும் அளவுகோல் பிழையாக இருந்தால், அடுத்த நாள் என்ற ஒன்று அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காமலே போகலாம். பிள்ளைகளின் பெயர்களை எழுதப் போவதில்லை. நண்பர்கள் கூப்பிடுவதுபோலவே பெரியவன், சின்னவன் என்று குறிப்பிடுகிறேன்.

எங்கள் மைதானமும் எங்கள் பந்தும்

எங்கள் பிள்ளைகள் பேஸ்போலுக்கு வருவது கிரிக்கெட்டிலிருந்தோ எல்லேயிலிருந்தோதான். எல்லேக்கு ஒரு மூங்கில் தடியும் டெனிஸ் பந்தும் போதும். சித்திரைப் புத்தாண்டு விளையாட்டில் ஊரே கூடி நின்று பார்க்கும். பேஸ்போல் எங்களிடம் வந்தது 2023 இல். ஸ்காபரோவில் இருக்கும் என் மச்சான் ஊருக்கு வந்தபோது ஆறு கையுறைகள், ஒரு டசின் பந்துகள், 33 அங்குல மரத் துடுப்பு ஒன்று ஆகியவற்றைப் பெரிய பை ஒன்றில் திணித்துக் கொண்டுவந்தான். டொரொன்டோ புளூ ஜேய்ஸ் அணியின் ஆட்டம் ஒன்றையும் விடாமல் பார்க்கிறவன் அவன். பந்தை மறிக்கும் வலை, முல்லைத்தீவுக் கரையில் கிழிந்து கழித்துவிட்ட மீன்வலை. கடலுக்குத் தாங்கிய வலை பேஸ்போலுக்கும் நன்றாகவே தாங்குகிறது.

சின்னவன் எல்லேயில் வளர்ந்தவன். டெனிஸ் பந்தின் நிறை 58 கிராம் அளவுதான். பேஸ்போல் பந்து 142 முதல் 149 கிராம் வரை இருக்கும். நிறை குறைந்து, மேலே பஞ்சும் இருப்பதால் டெனிஸ் பந்தை எவ்வளவு வேகமாக அடித்தாலும் காற்று அதைச் சீக்கிரம் அடக்கிவிடும். கைவேகம் கூடியவனின் அடிக்கும் குறைந்தவனின் அடிக்கும் உள்ள வித்தியாசம் தூரத்தில் சுருங்கிப்போகும். இத்தனை வருடம் எல்லே விளையாடிய ஒரு பிள்ளையின் வேகம் எங்கள் கண்ணில் படாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

2024 மே மாதம் மச்சான் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தான். அமெரிக்க மேஜர் லீக் ஆட்டங்களில் ஒவ்வொரு வீரரும் துடுப்பை எவ்வளவு வேகமாக வீசுகிறார் என்ற அளவீட்டை முதல் தடவையாக எல்லோரும் பார்க்கும்படி வெளியிடத் தொடங்கியிருந்தார்கள். துடுப்பின் நுனியிலிருந்து ஆறு அங்குலம் உள்ளே இருக்கும் புள்ளியின் வேகம் அது. சராசரி மணிக்கு 72 மைல் அளவு, அதாவது 116 கிலோமீற்றர். 75 மைலை எட்டும் வீச்சை வேகமான வீச்சு என்று தனியாகப் பிரிக்கிறார்கள். ஆர்வத்தோடு படித்தேன், தொலைபேசியை மூடி வைத்தேன். இரண்டு மாதம் கழித்துத் தேர்வு வைத்தபோது அது என் நினைவுக்கு வரவே இல்லை.

தேர்வு நாள்

தெற்கில் நடக்கவிருந்த ஒரு பயிற்சி முகாமுக்கு எங்களிடமிருந்து இரண்டு பிள்ளைகளை அனுப்பலாம் என்று தகவல் வந்தது. எனக்குத் தெரிந்த முறையில் தேர்வு வைத்தேன். ஆறு மீற்றர் தூரத்தில் நின்று கையைத் தாழ்த்தி இலேசாகப் பந்தைப் போட்டேன். ஆளுக்குப் பத்து அடி. விழுந்த இடத்தைக் காலடியால் அளந்தோம். துடுப்பு ஒன்றே ஒன்று, அந்த 33 அங்குல மரத் துடுப்பு.

ஜூலை என்றால் சோளகம் நின்று வீசும் காலம். எங்கள் மைதானத்தில் வேப்பமர நிழல் இருப்பது தென்மேற்கு மூலையில். அடிப்பவன் வெயிலில் நிற்காமலிருக்க அந்த மூலையிலேயே தளத்தை வைத்திருந்தோம். ஆகவே அன்று அடித்த ஒவ்வொருவனுக்கும் காற்று முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. பெரியவனின் அடி உயரக் கிளம்பும். மேலே போன பந்தைச் சோளகம் ஏந்திக்கொண்டு போய்ப் பனைக்கு அப்பால் இறக்கியது. சின்னவனின் அடி நெஞ்சுயரத்தில் கிளம்பிச் சீக்கிரமே நிலத்தைத் தொட்டது. காற்றுக்கு அதில் பிடிமானம் இல்லை. இருவருக்கும் ஒரே காற்றுத்தானே என்று அன்று நினைத்தேன். ஒரே காற்றுத்தான், ஆனால் அது ஒருவனுக்கு மட்டுமே உதவியது.

அமெரிக்காவில் இளைஞர்களைத் தேடிப் போகும் தேர்வாளர்கள் 20 முதல் 80 வரையான ஓர் அளவுகோலில் புள்ளியிடுவார்கள். 50 என்றால் சராசரி. அடிபலத்துக்கு அதில் இரண்டு இடங்கள் உண்டு. பயிற்சியின்போது இலகுவான பந்தை எவ்வளவு தூரம் அனுப்புகிறான் என்பது வெறும் பலம். ஆட்டத்தில், தன்னை ஏமாற்றப் பார்க்கும் எறிவீரனுக்கு எதிராக, அந்தப் பலத்தில் எவ்வளவு வெளியே வருகிறது என்பது ஆட்டப் பலம். நான் அளந்தது முதலாவதை மட்டும். அதையும் காற்றோடும், ஒருவனுக்கு மட்டும் பொருந்திய துடுப்போடும் சேர்த்து அளந்தேன்.

பெரியவனும் வேறொரு பிள்ளையும் முகாமுக்குப் போனார்கள். சின்னவன் அடுத்த நாளிலிருந்து பயிற்சிக்கு வரவில்லை.

முதுகுக்குப் பின்னால் கேட்ட ஓசை

ஓகஸ்ட் நடுப்பகுதியில் ஒரு மாலை, வலையின் அறுந்த இடங்களை முடிந்துகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால், பக்கத்து வெளியில் பிள்ளைகள் எல்லே விளையாடிக்கொண்டிருந்தார்கள். மூங்கில் தடியைப் பந்தில்லாமல் வீசும் ஓசை இடைக்கிடை கேட்டது. அதில் ஒரு வீச்சின் ஓசை மட்டும் வேறாக இருந்தது. மற்றவை அகலமான, சோம்பலான ஓசைகள். இது துணியைக் கிழிப்பதுபோல ஒரே இடத்தில் வெட்டென்று கேட்டது. பெரியவன்தான் வீசுகிறான் என்று நினைத்துத் திரும்பினேன். பெரியவன் அங்கே இல்லை. தடியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் சின்னவன்.

கூப்பிட்டேன். வந்தான். ஏன் தம்பி பயிற்சிக்கு வருவதில்லை என்று கேட்டேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "சேர், எனக்குப் பலம் போதாது என்று கொப்பியில் எழுதியிருந்தீர்கள். பார்த்தேன்."

அன்று இரவு மச்சான் அனுப்பிய செய்தியை மறுபடியும் தேடி எடுத்துப் படித்தேன்.

அளந்த விதம்

வேகத்தை அளக்கும் கருவிகள் கடையில் உண்டு; துடுப்பின் அடியில் பொருத்தும் உணரி, பந்தின் வேகம் காட்டும் சிறு ராடர் என்று பல வகை. எங்களிடம் இருந்தது விநாடிக்கு 240 படம் எடுக்கக்கூடிய ஒரு தொலைபேசி மட்டும். வேம்பின் தாழ்ந்த கிளை ஒன்றில், நிலத்திலிருந்து மூன்று மீற்றர் உயரத்தில் அதைக் கீழ்நோக்கிக் கட்டினோம். நேர் கீழே ஒரு தடியை நட்டு, அதன் உச்சியில் பழைய ரப்பர் குழாய்த் துண்டைச் செருகி, 75 சென்ரிமீற்றர் உயரத்தில் பந்தை வைத்தோம். துடுப்பின் நுனியிலிருந்து 15 சென்ரிமீற்றர் உள்ளே வெள்ளை நாடா சுற்றினோம். அந்த நாடா ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தால் வேகம் வந்துவிடும். ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி ஒரு விநாடியின் 240 இல் ஒரு பங்கு. வன்னி வெயில் இந்த வேலைக்கு மிகவும் உதவியது. வெளிச்சம் நன்றாக இருந்தால்தான் நாடா கலங்காமல் தெரியும்.

முதல் நாள் கணக்கில் சின்னவனின் வேகம் மணிக்கு 121 கிலோமீற்றர் வந்தது. மேஜர் லீக்கில் வேகமான வீச்சு என்று பிரிக்கும் 75 மைல் எல்லையும் சரியாக அதுதான். என் மகிழ்ச்சி ஐந்து நிமிடம்தான் இருந்தது. இந்த உடம்புள்ள பிள்ளை அந்த வேகத்தில் வீச முடியாது. எங்கே பிழை என்று கணித ஆசிரியரோடு உட்கார்ந்து பார்த்தோம். அளவுக்கு வைத்த மீற்றர்க்கோலை நிலத்தில் வைத்திருந்தோம். துடுப்போ நிலத்திலிருந்து 75 சென்ரிமீற்றர் மேலே, கமராவுக்கு அண்மையில் நகர்கிறது. அண்மையில் இருப்பது பெரிதாகத் தெரியும். மூன்று மீற்றரை இரண்டேகால் மீற்றரால் வகுத்தால் ஒன்றும் மூன்றில் ஒன்றும். அத்தனை மடங்காக வேகம் கூடிக் காட்டியிருந்தது. மீற்றர்க்கோலைப் பந்து இருக்கும் அதே உயரத்தில் கட்டி மறுபடி எடுத்தோம். இதே முறையில் அளக்க நினைப்பவர்கள் இந்த ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மணிக்கு 86 கிலோமீற்றர் வேகத்தில் போகும் துடுப்பு ஒரு படத்துக்கு 10 சென்ரிமீற்றர் நகரும். 91 இல் போவது பத்தரை சென்ரிமீற்றர். வித்தியாசம் வெறும் அரைச் சென்ரிமீற்றர். நாடாவின் ஓரம் கொஞ்சம் கலங்கினால் அது மறைந்துபோகும். ஒரு வீச்சை வைத்து யாரையும் எடைபோட முடியாது. ஆகவே ஆளுக்கு 12 வீச்சு, இரண்டு நாள், சராசரி என்று வைத்துக்கொண்டோம். முகாமிலிருந்து திரும்பிய பெரியவனும் சேர்ந்துகொண்டான். படங்களை எண்ணும் வேலையில் அவன்தான் எல்லோரிலும் பொறுமைசாலி.

மரத் துடுப்பில் பெரியவனின் சராசரி 79 கிலோமீற்றர், சின்னவனுடையது 77. தேர்வு நாளில் இந்த இலக்கத்தை யாராவது எனக்குக் காட்டியிருந்தால்கூட என் முடிவை மாற்றியிருக்க மாட்டேன். வவுனியாவில் எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியரிடமிருந்து 30 அங்குல அலுமினியத் துடுப்பு ஒன்றையும் முதல் நாளே இரவல் வாங்கி வந்திருந்தேன். எடையில் மரத் துடுப்பைவிட மிகவும் குறைவு. அதில் பெரியவன் 86. சின்னவன் 91.

அந்த மரத் துடுப்பு சின்னவனின் வேகத்தை விழுங்கியிருந்தது. எடை கூடிய துடுப்பு, அதிலும் எடை நுனிப்பக்கம் திரண்ட துடுப்பு, கைகளிடம் கூடுதல் விலை கேட்கும். உடம்பு முற்றியவனால் அந்த விலையைக் கொடுக்க முடியும். சின்னவனிடம் அப்போது அது இல்லை. எல்லோருக்கும் ஒரே துடுப்பைக் கொடுத்தால் நியாயம் என்று நான் நம்பியிருந்தேன்.

பந்து சொன்ன இன்னொரு கணக்கு

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பயன்பட்ட பகுதி இதுதான். அடிபட்ட பந்தின் வேகம் எதிலிருந்து வருகிறது என்பதை இலினோய் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஆலன் நேதன் விளக்கியிருக்கிறார். மரத் துடுப்பின் பலமான இடத்தில் பந்து சரியாகப் பட்டால், வரும் பந்தின் வேகத்தில் ஏறத்தாழ 0.2 மடங்கும் துடுப்பின் வேகத்தில் 1.2 மடங்கும் சேர்ந்தது பந்து வெளியேறும் வேகம். எறிவீரன் ஒரு கிலோமீற்றர் கூட்டினால் அடியில் கூடுவது 0.2; அடிப்பவன் தன் துடுப்பில் ஒரு கிலோமீற்றர் கூட்டினால் 1.2. ஆறு மடங்கு வித்தியாசம். பெரியவர்களின் ஆட்டத்தில் வெளியேறும் வேகம் ஒரு மைல் கூடினால் உயர்ந்த அடி ஐந்தடி அளவு கூடுதலாகப் போகும் என்பது பொதுவான கணக்கு. எங்கள் அளவில் சொன்னால், ஒரு கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம்.

தாங்கியில் அசையாமல் இருக்கும் பந்துக்கு முதல் பகுதி இல்லை. துடுப்பின் வேகத்தோடு 1.2 ஐப் பெருக்கினால் போதும். ஆகவே பந்தின் வேகத்தைத் துடுப்பின் வேகத்தால் வகுத்துப் பார்த்தால், அடித்தவன் தன்னிடம் இருந்ததில் எவ்வளவைப் பந்துக்குக் கொடுத்தான் என்று தெரிந்துவிடும். எங்கள் அலுமினியத் துடுப்பில் நாங்கள் கண்ட மிகச் சிறந்த அடிகளும் ஏறக்குறைய 1.19 இல் நின்றன.

பெரியவனின் பந்து வேகம் சராசரியாக 99, விகிதம் 1.15. அவனுடைய மிகச் சிறந்த அடி 102. அவன் தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் ஏற்கெனவே பந்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். பனையைத் தாண்டிய அந்த அடி அவனுடைய கூரை. அதற்கு மேலே போக வேண்டுமென்றால் துடுப்பின் வேகமே கூட வேண்டும்.

சின்னவனின் பந்து வேகம் சராசரியாக 91. விகிதம் சரியாக 1. பந்து துடுப்பின் நுனியில் படும், அடிப்பக்கம் படும், மேல் விளிம்பில் சறுக்கும். ஆனால் 24 வீச்சுகளில் இரண்டே இரண்டு சரியாகப் பட்டன. அவற்றில் ஒன்றின் வேகம் 108. பெரியவனின் மிகச் சிறந்த அடியைவிட ஆறு கிலோமீற்றர் கூட.

அந்தப் படங்களைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சரியாகப் பந்தில் படவைப்பது பழக்கினால் வருகிற காரியம். அதைக் கற்றுக்கொடுக்கத்தான் நான் இருக்கிறேன். கற்றுக்கொடுக்க வேண்டிய ஒன்றை வைத்து ஒரு பிள்ளையைக் கழித்துவிட்டு, கற்றுக்கொடுக்க மிகவும் கடினமான ஒன்று அவனிடம் இருந்ததைக் காணாமல் விட்டிருக்கிறேன்.

வேகப் பந்துக்கு முன்னால்

மேஜர் லீக்கில் பந்து எறியும் மேட்டிலிருந்து தளம் 18.44 மீற்றர். மணிக்கு 150 கிலோமீற்றரில் எறிந்த பந்து வந்துசேர 0.4 விநாடி அளவுதான். அதில் வீச்சுக்கே 0.15 விநாடி போய்விடும். மிச்சத்தில்தான் அடிப்பதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். எங்களிடம் அப்படி எறிய ஆள் இல்லை. ஆனால் நேரத்தைச் சமப்படுத்தலாம். கிரிக்கெட்டில் வேகமாகப் பந்து வீசும் ஒரு மாணவனை, வலைக்கு மறைவில், 12 மீற்றர் தூரத்திலிருந்து மணிக்கு 80 கிலோமீற்றர் அளவில் எறிய வைத்தேன். முழுத் தூரத்திலிருந்து 110 இல் எறிந்தால் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ அதுவே. தலைக்கவசம் ஒன்றுதான் இருந்தது. மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள்.

இருபது பந்துகளில் பெரியவன் பதின்மூன்றைத் தவறவிட்டான். சின்னவன் ஏழு. இருபது பந்து சிறிய தொகைதான், ஆனால் படங்கள் காரணத்தைக் காட்டின. துடுப்பு முன்னோக்கி நகரத் தொடங்கியதிலிருந்து பந்தில் படும்வரை பெரியவனுக்கு 50 படம், சின்னவனுக்கு 38. பன்னிரண்டு படம் என்றால் ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் 110 கிலோமீற்றர் வேகப் பந்து ஒன்றரை மீற்றர் வந்துவிடும். சின்னவன் அந்த ஒன்றரை மீற்றரைக் கூடுதலாகப் பார்த்துவிட்டு அடிக்கிறான். பெரியவன் அதற்கு முன்பே ஊகித்துத் தொடங்க வேண்டியிருக்கிறது. முகாமிலிருந்தும் பெரியவனைப் பற்றி இதையேதான் சொல்லி அனுப்பியிருந்தார்கள்: வேகப் பந்துக்குப் பிந்துகிறான்.

துடுப்பின் உச்ச வேகமும் வீச்சுக்கு எடுக்கும் நேரமும் ஒன்றல்ல என்பதைக் கவனியுங்கள். நீண்ட சுற்று எடுத்து வீசுகிறவன் கடைசியில் பெரிய வேகத்தைக் காட்டலாம். ஆனால் நேரத்தைச் செலவழித்து விடுவான். பெரியவனின் கைகள் முதலில் பின்னால் இறங்கி, பிறகு சுற்றி வந்தன. மூட்டையைத் தோளுக்கு ஏற்றும்போது உடம்பு பழகிய அசைவு அது என்று எனக்குத் தோன்றுகிறது.

வேகத்தையும் தெய்வமாக்கக் கூடாது

இதைப் படித்துவிட்டு யாராவது இனி வேகம் மட்டுமே பார்ப்போம் என்று கிளம்பினால் அதுவும் என் பிழையைப் போன்ற பிழைதான். 2024 அளவீட்டில் பட்டியலின் உச்சியில் நின்றவர் ஜியான்கார்லோ ஸ்டான்டன். சராசரி 81 மைல். ஆறடி ஆறங்குல மனிதர். அந்த ஆண்டு 27 ஹோம் ரன் (மைதான எல்லையைத் தாண்டிய அடி) அடித்தார்; அடிச் சராசரி, அதாவது அடிக்கும் முயற்சிகளில் வெற்றியாக முடிந்த பங்கு, .233. பட்டியலின் அடியில் 63 மைல் அளவில் நின்றவர் லூயிஸ் அராயெஸ். அவர் 2022, 2023, 2024 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள், மூன்று வெவ்வேறு அணிகளுக்கு ஆடி, தன் லீக்கின் அடிச் சராசரிப் பட்டத்தை வென்றவர். தன்னிடம் இருக்கும் குறைந்த வேகத்தில் ஒரு துளியையும் வீணாக்காமல் பந்தில் சேர்ப்பவர். வேகமில்லாதவனுக்கு ஆட்டத்தில் இடமில்லை என்று அவரைப் பார்த்த பிறகு யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவர் முழுமையாக வளர்ந்த மனிதர். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் நாம் தேடுவது இன்றைய கணக்கை அல்ல. அவனுக்குள் எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்பதைத் தேடுகிறோம்.

வேகத்தைக் கூட்டுவதற்கென்று எடை கூடிய துடுப்புகளை வளரும் பிள்ளைகளிடம் கொடுத்து வீசவைப்பதை நான் செய்வதில்லை, செய்யப் போவதுமில்லை. அவர்களுடைய முதுகு என்னுடைய பரிசோதனைக்கு உரியதல்ல.

பத்து மாதம்

செப்டெம்பரில் சின்னவனின் வீட்டுக்குப் போனேன். அவனை மறுபடி ஒழுங்காகப் பயிற்சிக்கு அனுப்பும்படி தாயாரிடம் கேட்டேன். தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அவர் சொன்னார்: "சேர், இவன் முகாமில் இருந்தபோது பிறந்த பிள்ளை. பிறக்கும்போது இரண்டு கிலோவும் இல்லை. இவனைப் பெரிய பிள்ளைகளோடு நிறுத்திப் பார்க்காதீர்கள்." 2009 டிசம்பர், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமின் காலம். பெரியவன் அதே ஆண்டு பெப்ரவரியில் பிறந்தவன். ஒரே வகுப்பு, ஒரே பிரிவு, இடையில் பத்து மாதம்.

சின்னவன் சிறிதாக இருப்பதற்கு அந்த நாட்கள்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பையன்களின் உயரம் மிக வேகமாகக் கூடும் காலம் சராசரியாகப் பதின்மூன்றரை, பதினான்கு வயதில் வரும். சிலருக்கு ஓரிரு ஆண்டு முந்தும், சிலருக்குப் பிந்தும். பெரியவனுக்கு அது வந்து போய்விட்டது. ஒரு வருடமாக அவன் உயரம் அசையவில்லை. சின்னவனுக்குக் குரல்கூட இன்னும் உடையவில்லை. கை நீண்டால் அதே சுழற்சியில் துடுப்பின் நுனி கூடுதல் வேகத்தில் போகும். அப்படித்தான் நடக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். திடீரென்று வளரும் பிள்ளைகள் சில மாதம் தங்கள் கைகால்களோடு பழக்கம் விட்டுப்போய்த் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். இப்போது களஞ்சிய அறைச் சுவரில் எல்லோருடைய உயரத்தையும் மாதம் ஒரு தடவை பென்சிலால் குறிக்கிறோம். தேர்வுக் கொப்பியில் பிறந்த மாதத்துக்கு ஒரு பத்தி, துடுப்பின் எடைக்கு ஒரு பத்தி போட்டிருக்கிறேன். அடிக்கும் மூலையை மாற்றிவிட்டோம். நிழலுக்குப் பழைய சாக்குகளைத் தைத்துக் கட்டியிருக்கிறோம்.

பெரியவனுக்கும் நான் அநியாயம் செய்திருந்தேன். பனையைத் தாண்டிய அடிக்குக் கைதட்டியதால் அவனுடைய வீச்சில் இருந்த சுற்றை நான் திருத்தவில்லை. ஒக்டோபர் முழுவதும் கைகளைக் கீழே இறக்காமல், தோளருகிலிருந்தே நேராகத் தொடங்கப் பழகினான். முதல் இரண்டு வாரம் அவனுடைய அடி முன்னையதைவிடக் குறுகிப்போனது. தகப்பன் வந்து, "சேர், இவனுக்கு என்ன நடந்தது?" என்று கவலையோடு கேட்டார். பொறுத்திருங்கள் ஐயா என்றேன்.

அந்தப் பழைய பக்கத்தை நான் கிழிக்கவில்லை. 'பலம் போதாது' என்பதைக் கோடிட்டு வெட்டி, பக்கத்தில் 91 என்று எழுதித் திகதி போட்டு, சின்னவன் மறுபடி வந்த நாளில் கொப்பியை அவனிடமே கொடுத்தேன். தன் வரியை ஒரு தடவை பார்த்தான். பிறகு மேலே இருந்த பெரியவனின் வரியை வெகுநேரம் பார்த்தான்.

"சேர், இவனுக்கு 86 என்று இருக்கிறது," என்றான். "அது பழைய வீச்சு. இப்போது மாற்றிவிட்டான். இவனை மறுபடியும் அளக்க வேண்டும்."

தொலைபேசியை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தில் ஏறினான்.